போலி அறிவியல்: ஒரு சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் சூடோசயன்ஸ் என்று வழங்கும் சொல்லின் முற்பாதி கிரேக்கம், பிற்பாதி இலத்தீன். முற்பாதிக்கு மூலமான கிரேக்கச் சொல் பொய்யைக் குறிக்கும்; 'சியென்தியா' என்ற இலத்தீன் சொல் அறிவைக் குறிக்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரசவாதத்தைச் சுட்டிய இச்சொல்லை, 1843இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் ஃபிரான்சுவா மஜான்டி, மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவிப் பார்த்துக் குணம் சொல்லும் கலைக்கு வழங்கினார்.

மூலத்தை அப்படியே பெயர்த்தால் 'பொய்யறிவியல்' என்றுதான் வரும். தமிழில் நிலைத்திருப்பதோ 'போலி அறிவியல்'; விஞ்ஞானம் என்ற சொல் பள்ளிப்பாடத்தின் பெயராகவே இருக்கும் இலங்கையில் 'போலி விஞ்ஞானம்' என்பதும் உண்டு. 'போல்' என்னும் அடியிலிருந்து பிறந்த 'போலி'க்கு முதற்பொருள் பொய்யன்று, ஒன்றைப் போல இருப்பது என்பதே. இலக்கணத்தில் 'அறம்' என்பது 'அறன்' என்று வருவதைக் கடைப்போலி என்கிறோம்; அங்கே ஓர் எழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து வந்து அமர்ந்தாலும் பொருள் மாறுவதில்லை. நாம் பேசும் போலியில் உருவம் அப்படியே இருக்க, பொருள் மட்டும் மாறிவிடுகிறது. இந்த வகையில் தமிழ்ச்சொல் கிரேக்க மூலத்தைவிடக் கூர்மையானது என்பது என் கருத்து. யூத இனப்படுகொலையை மறுக்க எழுதப்பட்ட லூக்டர் அறிக்கை இதை நன்கு விளக்கும்.

யூத இனப்படுகொலை நடக்கவில்லை என்று பொய்ச் செய்தி பரப்பியதாக எர்ன்ஸ்ட் சுண்டல் என்ற நாஜி ஆதரவாளர் மீது கனடாவின் டொராண்டோவில் 1988இல் இரண்டாம் முறையாக வழக்கு நடந்தபோது, சுண்டலின் தரப்பு ஃபிரெட் லூக்டர் என்ற அமெரிக்கரை அழைத்து வந்தது. அமெரிக்கச் சிறைகளுக்கு மரணதண்டனைக் கருவிகள் செய்துகொடுத்த அவர் படித்தது வரலாற்றில் இளங்கலை. பொறியாளர் உரிமம் இல்லை. அவ்வாண்டு பிப்ரவரியில் போலந்துக்குச் சென்று, நாஜிகளின் ஆஷ்விட்ஸ், பிர்கெனாவ் வதைமுகாம்களின் சுவர்களிலும் இடிபாடுகளிலும் அனுமதியின்றி உளியும் சுத்தியலும் கொண்டு துண்டுகளைப் பெயர்த்தெடுத்து, மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆய்வகம் ஒன்றில் கொடுத்தார். எங்கிருந்து எடுத்தவை, எதற்காக எடுத்தவை என்பது ஆய்வகத்துக்குச் சொல்லப்படவில்லை. துணிகளில் பேன் ஒழித்த அறையின் துண்டில், பேனுக்கும் மனிதருக்கும் பயன்பட்ட நச்சுவாயுவின் எச்சமான சயனைடு மிகுதியாக இருந்தது. நச்சுவாயு அறைகளின் துண்டுகளில் மிகக் குறைவாகவே இருந்தது, அல்லது இல்லவே இல்லை. ஆகவே அங்கே மனிதர்கள் வாயுவால் கொல்லப்படவில்லை என்று அறிக்கை முடிந்தது.

இதில் எங்கே பொய்? ஆய்வகம் அளந்த எண்கள் பொய்யல்ல. அளவீட்டை மேற்பார்த்த வேதியியலாளர் ஜேம்ஸ் ராத், பின்னாளில் ஓர் ஆவணப்படத்தில் இதை விளக்கினார். சயனைடு சுவரின் மேற்பரப்பில்தான் வினைபுரியும்; சுமார் 10 மைக்ரோமீட்டருக்குமேல், அதாவது தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குக்குமேல், உள்ளே இறங்காது. கட்டைவிரல் பருமனுள்ள துண்டை முழுதாக இடித்துத் தூளாக்கினால், மேற்பரப்பில் இருந்தது பன்மடங்கு நீர்த்துப்போகும். சுவரில் பூசிய வண்ணத்தை அறிய, அதன் பின்னாலுள்ள மரத்தைச் சோதிப்பது போன்றது என்று அவர் சொன்னார்.

இரண்டாவது பிழை இன்னும் பெரிது. பேனைக் கொல்வது எளிது, மனிதனைக் கொல்லத்தான் நிறைய நஞ்சு வேண்டும் என்று நாம் இயல்பாக நினைப்போம். ஹைட்ரஜன் சயனைடு விஷயத்தில் நிலைமை நேர்மாறு. காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு இருந்தாலே மனிதர் சில நிமிடங்களில் இறப்பர். பூச்சிகளை ஒழிக்கவோ அதைப்போலப் பல மடங்கு செறிவும் பல மணி நேரமும் தேவைப்படும். ஆகையால் பேன் ஒழிப்பு அறையில் மிகுதியாக எஞ்சுவது எதிர்பார்க்க வேண்டியதே. பிர்கெனாவின் பெரிய நச்சுவாயு அறைகளோ 1945 ஜனவரியில் நாஜிகளாலேயே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு, 43 ஆண்டுகள் மழையிலும் பனியிலும் கிடந்தவை. கிராகோவ் நகரின் தடயவியல் நிறுவனம் 1994இல் வெளியிட்ட முறையான ஆய்வில், அந்த இடிபாடுகளிலும் சயனைடு எச்சம் இருந்தது. கைதிகள் தங்கிய குடியிருப்புகளில் இருக்கவில்லை.

ஆக, மாதிரி உண்டு, ஆய்வகம் உண்டு, எண்கள் உண்டு. கேள்வி மட்டும் விடையை முன்கூட்டியே வைத்துக்கொண்டு கேட்கப்பட்டது. இதற்குப் 'பொய்யறிவியல்' என்று பெயரிட்டால், எண்கள் சரிதானே என்று அறிக்கையின் ஆதரவாளர்கள் எளிதாகத் தப்பிவிடுவார்கள். 'தவறான அறிவியல்' என்பதும் பொருந்தாது. தவறு உண்மையான அறிவியலிலும் நேரும், சுட்டிக்காட்டினால் திருத்தவும்படும். டொராண்டோ நீதிபதி அறிக்கையைச் சான்றாக ஏற்க மறுத்தார். ஆனாலும் பிரிட்டனில் எழுத்தாளர் டேவிட் இர்விங் அதை 1989இல் நூலாக வெளியிட்டார். ஹிட்லரின் ஆட்சிக்கு மறுபடியும் நற்பெயர் தேட விரும்பியவர்களுக்கு அது பயன்பட்டது, அவ்வளவே.

இவ்விடத்தில் துணைச்சொல் ஒன்றையும் கவனிக்க வேண்டும். இத்தகையோர் தம்மை 'திருத்தல்வாதிகள்' என்று அழைத்துக்கொள்கின்றனர். புதிய சான்று கிடைத்து வரலாற்றைத் திருத்தி எழுதும் முறையான பணியின் பெயரை இப்படிக் கடன் வாங்குவதும் ஒரு போலிதான். தமிழில் அச்சொல் இடதுசாரிகளின் உட்பூசலில் ஏற்கெனவே வேறு பொருளில் ஊறிப்போனது என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஆன்ரி ரூசோ இக்குழப்பத்தைத் தவிர்க்கவே 1987இல் 'நெகாசியோனிஸ்ம்' என்ற தனிச்சொல்லை முன்வைத்தார். அதற்கு வெறும் 'மறுப்பு' என்பது தமிழில் போதாது. சான்று காட்டி எதிர்வாதம் செய்வதையும் நாம் மறுப்பு என்றே சொல்கிறோம். 'மறுப்புவாதம்' என்று எழுதுவது நல்லது. 2000 ஏப்ரலில் லண்டன் உயர்நீதிமன்றத்தில், தன்னை மறுப்புவாதி என்று அழைத்த வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட் மீது இர்விங் தொடுத்த அவதூறு வழக்கைத் தள்ளுபடி செய்த நீதிபதி சார்லஸ் கிரே, இர்விங்கிற்குப் பொருந்துவதாக ஏற்றதும் இந்தச் சொல்லைத்தான்.