கால் வீங்கியதற்கு ஏன் இன்னொரு பிரஷர் மாத்திரை?

தலவாக்கலையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கொழுந்து பறிக்கும் அவருடைய அம்மாவுக்கு அம்லோடிபின் 10 மில்லிகிராம் கொடுத்து, பிரஷர் கொஞ்சம் இறங்கியது, ஆனால் இரண்டு கணுக்காலும் வீங்கிவிட்டதாம். கிளினிக்கில் டொக்டர் அதை 5 ஆகக் குறைத்து, கூடவே லொசார்டனும் எழுதியிருக்கிறார். ஒன்றுக்கே கால் வீங்கினால் இரண்டு குடித்தால் என்ன ஆகும், வருத்தம் முற்றிவிட்டதா என்று பயப்படுகிறார்.

முற்றவில்லை தங்கச்சி, டொக்டர் செய்தது சரி.

நாடிகள் இறுகினால் அழுத்தம் ஏறும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அம்லோடிபின் நாடிச் சுவரின் தசைக்குள் கல்சியம் நுழைவதைத் தடுப்பதால் தசை தளர்ந்து அழுத்தம் இறங்குகிறது. ஆனால் அது தளர்த்துவது பெரும்பாலும் இரத்தம் வந்து சேரும் சிறு நாடிகளைத்தான். மயிர்க்குழாய்களைத் தாண்டி இரத்தம் திரும்பிப் போகும் சிறு நாளங்கள் பழைய இறுக்கத்திலேயே கிடக்கின்றன. வரும் பக்கம் தாராளமாக, போகும் பக்கம் ஒடுக்கமாக இருந்தால் இடையில் உள்ள மயிர்க்குழாய்க்குள் அழுத்தம் கூடத்தானே செய்யும்? அதன் மெல்லிய சுவர் வழியாக நீர் கசிகிறது, நாள் முழுக்க மலைச்சரிவில் நின்று வேலை செய்பவருக்கு அந்த நீர் கணுக்காலில் போய்த் தேங்குகிறது. உடம்பில் நீர் அதிகமாகி வந்த வீக்கம் இல்லை என்பதால், சிறுநீரைக் கூட்டும் மாத்திரை கொடுத்தாலும் இது லேசில் வற்றாது.

லொசார்டன் தடுப்பது அஞ்சியோடென்சின் என்ற ஹோர்மோனின் வேலையை. அது நாடியோடு நாளத்தையும் இறுக்குகிற ஹோர்மோன். தடுத்ததும் போகும் பக்கமும் திறக்கிறது, மயிர்க்குழாயின் அழுத்தம் இறங்குகிறது, கசிவு குறைகிறது. பிரஷரைக் குறைக்க வந்த இரண்டாவது மருந்து முதல் மருந்தின் தொல்லையையும் சேர்த்துக் குறைக்கிறது, எவ்வளவு அழகான விஷயம்!

அப்புறம், 2009 இல் 42 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்ததில், ஒரே மருந்தின் அளவை இரட்டிப்பாக்குவதைவிட வேறு வகை மருந்தைச் சேர்ப்பது ஏறத்தாழ 5 மடங்கு கூடுதலாக அழுத்தத்தைக் குறைக்கிறது என்று தெரிந்தது. இலங்கையிலேயே 700 பேரிடம் நடந்து 2018 இல் வெளிவந்த ஆய்வில், மூன்று மருந்துகளைப் பாதி அளவில் ஒரே மாத்திரையாகக் கொடுத்தார்கள். 6 மாதத்தில் அவர்களில் 70 சதவீதமானோருக்குப் பிரஷர் கட்டுக்குள் வந்தது, வழக்கமான சிகிச்சையில் 55 சதவீதம்தான். பக்கவிளைவால் மருந்தை நிறுத்தியவர்கள் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அந்த ஆய்வுக்குப் பணம் தந்தது அவுஸ்திரேலியா. நம் மக்களின் வருத்தத்தை ஆராய நம் அரசே பணம் ஒதுக்க வேண்டும், தோட்டத்து மக்களையும் அதில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டு மாத்திரை குடித்தால் கிட்னி போய்விடும் என்று லயத்தில் யாராவது சொன்னால் அம்மா நிறுத்திவிட வேண்டாம், கட்டுப்படாத பிரஷர்தான் கிட்னியைக் கெடுக்கும். லொசார்டன் தொடங்கினால் இரத்தத்தில் பொட்டாசியத்தையும் கிரியாட்டினினையும் இடையிடையே பார்க்க வேண்டும், கிளினிக்கில் கேளுங்கள். அம்மாவின் மாத்திரையை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள், முக்கியமாகப் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு, லொசார்டன் வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கும்.