நானோ: இம்மிக்கும் கீழே ஒரு சொல்

எங்கள் செட்டிநாட்டுப் பிள்ளையார் நோன்புக்கு வேட்டியிலிருந்து இழை எடுத்துக்கொண்டிருந்த மார்கழி நாளொன்றில்தான் அந்தப் படம் எங்கள் வீட்டுக்கு வந்தது. உறவினர் ஒருவர் போனில் அனுப்பியிருந்தார். கண், மூக்கு, சிரிப்பு எல்லாம் வைத்த ஒரு பனிமனிதன். கீழே ‘நானோ பனிமனிதன்’ என்று எழுதியிருந்தது. அப்பத்தா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “நானோன்னா அந்தக் குட்டிக் காருதானேப்பா?” என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். 2009இல் சாலைக்கு வந்த டாடா காரின் பெயராகத்தான் நம்மில் பலர் அந்தச் சொல்லை முதலில் கேட்டோம். அப்புறம் உரக்கடையில் அரை லிட்டர் பாட்டிலில் நானோ யூரியா வந்தது. இப்போது கிறிஸ்துமஸ் பொம்மைக்கும் அதே பெயர். மூன்றிலும் ‘சின்னது’ என்பது மட்டும் புரிகிறது. எவ்வளவு சின்னது என்பது புரிவதில்லை. ஆனால் அந்தச் சொல் பிறந்ததே அந்த அளவைச் சொல்லத்தான்.

கிரேக்க மொழியில் ‘நானோஸ்’ என்றால் குள்ளன். அது லத்தீனில் ‘நானுஸ்’ ஆனது. அந்தக் குள்ளனை அறிவியலார் அளவுகோலில் ஏற்றினார்கள். 1960இல் உலகப் பொது அளவுமுறை வகுக்கப்பட்டபோது, நூறு கோடியில் ஒரு பங்குக்கு ‘நானோ’ என்ற முன்னொட்டு நிலைபெற்றது. ஒரு மீட்டரை நூறு கோடி துண்டாக்கினால் ஒரு துண்டு ஒரு நானோமீட்டர். ‘நானோ தொழில்நுட்பம்’ என்ற தொடரை 1974இல் ஜப்பானியப் பேராசிரியர் நோரியோ தானிகுச்சி உருவாக்கினார். பொருளை அணு அணுவாக, மூலக்கூறு மூலக்கூறாகக் கையாளும் வேலை என்பது அவர் தந்த பொருள். அப்படிக் கையாள முடியும் என்ற எண்ணத்தை அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் 1959 டிசம்பர் 29ஆம் தேதி, கிறிஸ்துமஸ் முடிந்த நாலாம் நாள், கலிஃபோர்னியாவில் ஓர் உரையில் பேசியிருந்தார்.

இப்படிச் சின்ன அளவுகளுக்குப் பெயர் வைப்பது நமக்குப் புதிதில்லை. செட்டிநாட்டுப் பிள்ளைகள் பின்ன வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்துவிட்டுத்தான் பர்மாவுக்கும் மலாயாவுக்கும், வட்டிக்கடையில் வேலை பழகும் பெட்டியடிப் பையன்களாகக் கப்பல் ஏறினார்கள். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. அதற்கும் கீழே கீழ்முந்திரி, இன்னும் கீழே இம்மி. ‘இம்மியளவும் பிசகவில்லை’ என்று இன்றும் சொல்கிறோமே, அந்த இம்மி பத்து லட்சத்தில் ஒன்றைவிடவும் சிறிய பின்னம். ‘மைக்ரோ’ என்பதும் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். ஆக, மைக்ரோவின் பக்கத்தில் நிறுத்த நம் கணக்கேடுகளில் ஒரு சொல் இருந்திருக்கிறது. நானோ அந்த மைக்ரோவிலும் ஆயிரத்தில் ஒன்று.

சரி, அந்தப் பனிமனிதனுக்கு வருவோம். 2009இல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் செய்தது அது. மின்னணு நுண்ணோக்கியைச் சரிபார்க்கப் பயன்படும் இரண்டு வெள்ளீய உருண்டைகள்தான் உடம்பும் தலையும். மின்னேற்றம் பெற்ற அணுக்களாலான அயனிக் கற்றையைக் கூர்மையாகக் குவித்துக் கண்களையும் வாயையும் செதுக்கினார்கள். மூக்கு மட்டும் பிளாட்டினம். அதே கற்றையின் உதவியால் படிய வைத்தது, ஒரு மைக்ரோமீட்டர்கூட அகலமில்லாதது. கழுத்துரு என்னும் எங்கள் ஊர்த் தாலியைச் செய்யும் ஆசாரி சாமணத்தால் மணியை எடுத்து வைத்து ஊதிப் பற்றவைப்பதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் அருமை சொல்லாமலே விளங்கும்.

பொம்மையின் அகலம் 10 மைக்ரோமீட்டர். அப்பத்தாவுக்கு இதை எப்படிக் காட்டுவது? நோன்புக்காகப் புது வேட்டியிலிருந்து உருவிய இழைகள் பக்கத்திலேயே இருந்தன. கார்த்திகைத் தீபத்திலிருந்து நாளுக்கு ஒன்றாக இருபத்தோரு இழை சேர்த்துத் திரியாக்கி, இழைமா என்னும் இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். நோன்பு இழையைத் தொடாமல், வேட்டி ஓரத்தில் வேறொன்றை உருவி முறுக்கைப் பிரித்தேன். உள்ளே பூனைமுடி போலப் பஞ்சு நார்கள். ஒன்றை மட்டும் தனியே எடுத்து, வீட்டு நடுமுற்றமான வளவில் விழுந்த வெயிலில் பிடித்தபோது, திரும்பும் பக்கமெல்லாம் அது மின்னி மின்னி மறைந்தது. பருத்தி நாரின் தடிமன் சுமார் 12 முதல் 20 மைக்ரோமீட்டர். “இந்த நாரோட அகலத்துக்குள்ளேயே அந்தப் பொம்மை நின்னுடும் அப்பத்தா” என்றேன். நாரை விரல் நுனியில் வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் கவனியுங்கள், அளவு மைக்ரோமீட்டரில் இருக்கிறது. 10 மைக்ரோமீட்டர் என்றால் 10,000 நானோமீட்டர். அளவை வைத்துப் பெயர் சொன்னால் அது நானோ பொம்மையே இல்லை. 2016இல் கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மூன்று சிலிக்கா உருண்டைகளை அடுக்கிச் செய்த பனிமனிதனும் 3 மைக்ரோமீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம். 2022இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டின் முதல் 25 விநாடியைப் பொறித்த இசைத்தட்டு 40 மைக்ரோமீட்டர். செதுக்கும் கருவியின் துல்லியம் நானோ அளவுக்குப் போகலாம். செய்த பொருள் மைக்ரோதான்.

உண்மையான நானோ அலங்காரம் வேண்டுமென்றால் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகருக்குப் போக வேண்டும். 2020இல் அங்கே ஒரு மாணவி, ஊசிமுனையால் அணுக்களைத் தடவி அறியும் நுண்ணோக்கியை வைத்து, ஒழுங்கான படிகப் பரப்பிலிருந்து 51 அணுக்களை எடுத்துக் கிறிஸ்துமஸ் மரம் வரைந்தார். நாம் வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறோம். அவர் புள்ளிகளை எடுத்துப் போட்டிருக்கிறார். மரத்தின் உயரம் 4 நானோமீட்டர். ஒரு நானோமீட்டரை ஒரு மில்லிமீட்டராகப் பெருக்கிப் பார்த்தால், இங்கிலாந்துப் பனிமனிதன் மாடி வீடு போல 10 மீட்டர் அகலத்துக்கு நிற்பான். டெல்ஃப்ட் மரம் ஒரு கொத்தமல்லி விதை அளவு இருக்கும். வீட்டுக்கும் விதைக்கும் ஒரே பெயரா?

இங்கேதான் தமிழ்ச் சொல் முக்கியமாகிறது. மைக்ரோவுக்கு ‘நுண்’ எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டது: நுண்ணோக்கி, நுண்ணுயிரி. நானோவையும் ‘நுண்’ என்றே சிலர் எழுதுகிறார்கள். ‘நுண்தொழில்நுட்பம்’ என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். நண்பு நட்பு ஆனதுபோல, நுண் என்பதிலிருந்தே நுட்பம் வந்தது. ஒரே வேர் இரண்டு முறை வருகிறது, ஆனால் மைக்ரோவா நானோவா என்பது மட்டும் தெரியவில்லை.

‘மீநுண்’ என்பதே பொருத்தமான சொல் என்பது என் முடிவு. இது நான் உண்டாக்கியதல்ல, புழக்கத்தில் இருப்பதுதான். மீ என்றால் மேல், மிகுதி. குறளில் ‘மீக்கூறும்’ என்று வருகிறது. இன்று மீயொலி, மீக்கடத்தி என்று அறிவியலிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. நுண்ணையும் தாண்டிய நுண்மை மீநுண். மீநுண்துகள், மீநுண்குழல், மீநுண்ணிழை என்று வாயில் தடங்கலில்லாமல் வருகிறது.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். மீநுண் ‘மிக நுண்ணியது’ என்கிறதே தவிர, நூறு கோடியில் ஒன்று என்ற கணக்கைச் சொல்லவில்லை. அதனால் அளவலகில் கைவைக்க வேண்டாம். மீட்டர், கிராம் போல நானோமீட்டரும் உலகத்துக்குப் பொது. பொருளுக்கும் துறைக்கும் மீநுண், அளவுக்கு நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. அந்தப் படத்தின் கீழே ‘நுண் பனிமனிதன், அகலம் 10 மைக்ரோமீட்டர்’ என்று திருத்தி உறவினருக்குத் திருப்பி அனுப்பினேன். கூடவே டெல்ஃப்ட் மரத்தின் படம் ஒன்று: ‘மீநுண் மரம், உயரம் 4 நானோமீட்டர்’.