'இடமாறு தோற்றப்பிழை உருட்டல்' வேண்டாம்

பழைய அமிகா கணினி விளையாட்டுகளைப் பற்றிய தமிழ்க் குறிப்புகளில், பின்னணி அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் நகரும் 'பாரலாக்ஸ் ஸ்க்ரோலிங்' என்பது 'இடமாறு தோற்றப்பிழை உருட்டல்' ஆகிவிடுகிறது. பிழையும் இல்லை, எதுவும் உருளவும் இல்லை.

மூலம் கிரேக்கம், 'பாராலாக்ஸிஸ்' என்றால் மாறுதல். பார்க்கும் இடம் மாறும்போது அருகிலிருப்பது கூடுதலாகவும் தொலைவிலிருப்பது குறைவாகவும் இடம்பெயர்ந்ததுபோல் தெரிவதே பாரலாக்ஸ்.

பிழை இயற்பியல் ஆய்வகத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் அளவு தவறும். அந்தத் தவறுக்குத்தான் 'இடமாறு தோற்றப்பிழை' என்று பெயர். தோற்றம் வேறு, அதனால் வரும் பிழை வேறு. 1838-இல் வானியலாளர் பெசல் 61 சிக்னி விண்மீனின் தொலைவைக் கணக்கிட்டது இந்தத் தோற்றத்தை வைத்துத்தான். அதைப் பிழை என்று தள்ளியிருந்தால் தொலைவு எப்படிக் கிடைத்திருக்கும்?

விளையாட்டில் இந்தத் தோற்றம் திட்டமிட்டுச் செய்யும் வேலை. 1989-இல் ரிஃப்ளெக்‌ஷன்ஸ் உருவாக்கி சிக்னோசிஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஷேடோ ஆஃப் த பீஸ்ட்' இதற்காகவே பேர்போனது. மேகம், மலை, புல்வெளி எல்லாம் பட்டை பட்டையாகப் பிரிந்து வெவ்வேறு வேகத்தில் நகரும். அமிகாவின் வன்பொருள் தருவது தனித்தனியே நகரும் இரண்டே படத்தளங்கள்தான். திரையில் படத்தை வரையும் கதிர் கீழிறங்கும்போதே நகர்வு அளவைக் 'காப்பர்' என்ற துணைச்செயலி வரிக்கு வரி மாற்றுவதால் பல அடுக்குகள் கிடைக்கின்றன. 320 புள்ளி (பிக்சல்) அகலத் திரையில், நொடிக்கு 50 சட்டகம் (ஃபிரேம்) என்றால், சட்டகத்துக்கு 4 புள்ளி நகரும் புல் 1.6 நொடியில் திரையைக் கடக்கும். 1 புள்ளி நகரும் மலைக்கு 6.4 நொடி ஆகும். வேகங்கள் நெருங்கிவிட்டால் ஆழம் போய், படம் தட்டையாகிவிடும்.

அந்த விளையாட்டின் உண்மையான குறை ஆட்டத்தில் இருக்கிறது: நட, தாவு, குத்து, பெரும்பாலும் அவ்வளவுதான். உயிர் ஒன்றே, போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எதிரிகள் வரும் இடத்தை மனப்பாடம் செய்வதே பாதி ஆட்டம். இப்படியொரு விளையாட்டில் உருப்படியாக அமைந்த ஒன்றைப் போய்ப் 'பிழை' என்று மொழிபெயர்த்தால், படிப்பவர் குறையைத் தவறான இடத்தில் தேடுவார்.

'உருட்டல்' சுட்டியின் சக்கரத்துக்குப் பொருந்தும். இங்கே பின்னணி பக்கவாட்டில் நகர்கிறது, 'நகர்வு' போதும். மேகம் அடுக்கடுக்காக நகர்கிறது என்றுதானே இயல்பாகச் சொல்வோம்? ஆகவே 'அடுக்கு நகர்வு'. பின்னணி முழுதும் ஒரே வேகத்தில் போனால் 'ஒற்றை நகர்வு'. வேக வேறுபாடு சொல்லில் இல்லையே என்பார்கள். எல்லாம் ஒரே வேகத்தில் போனால் அடுக்கு என்று ஒன்று கண்ணுக்கே தெரியாது.

அகராதியில் இரண்டு சொற்களைத் தனித்தனியே தேடி ஒட்டவைக்கும் பழக்கத்தை மொழிபெயர்ப்பாளர்கள் விட வேண்டும். திரையில் நடப்பதை ஒருமுறை பார்க்கக்கூட நேரமில்லையென்றால், 'பாரலாக்ஸ் ஸ்க்ரோலிங்' என்றே எழுதிவிடலாம். அது பொய்யாவது சொல்லாது.