ஆச்சி ரிப்போர்ட்டில் வந்த அந்தக் கோடு

சிங்கப்பூரிலிருந்து எங்கள் காரைக்குடி லேபுக்குப் போன். "சார், அம்மா ரிப்போர்ட்ல எம் பட்டைன்னு போட்டிருக்கீங்க. நெட்ல பார்த்தா மைலோமான்னு வருது. புற்றுநோயா சார்?" குரல் நடுங்கியது.

ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். ரத்தப் புரதங்களை ஜெல்லில் மின்சாரத்தால் ஓட்டிப் பிரிக்கும் எலக்ட்ரோஃபோரசிஸ் பரிசோதனை அது. புரதங்கள் அல்புமின், ஆல்ஃபா, பீட்டா, காமா என்று பட்டைகளாக நிற்கும். பீட்டாவுக்கும் காமாவுக்கும் நடுவில் மெல்லிய கோடு ஒன்று இருந்தது. ஆனால் மொத்தப் புரதம் சரியான அளவு, ஹீமோகுளோபினும் குறையவில்லை. கானாடுகாத்தானில் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வந்த பையனைக் கூப்பிட்டேன். சிவப்பு மூடி டியூப் தீர்ந்துபோனதால் ஊதா மூடியிலேயே எல்லாவற்றையும் எடுத்திருக்கிறான். தப்பு எங்கள் பக்கம்தான்.

ஊதா மூடிக்குள் ரத்தம் உறையாமலிருக்க மருந்து இருக்கும். உறையாவிட்டால் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் செலவாகாமல் அப்படியே தங்கிவிடும். ஜெல்லில் ஓட்டினால் அது போய் நிற்கும் இடம், அதே பீட்டா-காமா இடுக்கு.

ஜெல்லில் நடப்பது இதுதான். பி.எச். 8.6 உள்ள கரைசலில், சீரத்தின் (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிநீர்) புரதங்கள் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் பெறுகின்றன. மின்சாரம் கொடுத்ததும் நேர்முனையைப் பார்த்து ஓடும். அல்புமின் முதலில். பின்னால் ஆல்ஃபா, பீட்டா. காமா நகரவே சோம்பும். ஜெல்லுக்குள் இருக்கும் நீர் எதிர்முனைப் பக்கம் நகர்வதால் சில சமயம் பின்னாலேயே போய்விடும். காமாவில் ஆயிரம் வகை எதிர்ப்பொருள்கள் கலந்திருப்பதால் ஈரத் துணியில் ஊறிய மை போலப் பரவித் தெரியும். ஒரே குலத்துச் செல்கள் பெருகி ஒரே புரதத்தைக் கொட்டினால்தான் அது கோடாகக் குறுகும். அதுதான் எம் பட்டை. இந்த ஓட்டத்தை முறையான ஆய்வுக் கருவியாக்கியவர் ஸ்வீடனின் டிசேலியஸ். 1948-இல் நோபல் பெற்றார். நம்ம ஊர் மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்கு அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் அடிக்கல் நாட்டியதும் அதே 1948-இல்தான்.

ஆச்சியிடம் மறுபடி ரத்தம் எடுத்து வந்து, இந்தத் தடவை சிவப்பு மூடியில், உறையட்டும் என்று அரை மணி நேரம் வைத்தோம். அந்த இடைவெளியில் பயிற்சிக்கு வந்திருந்த பெண் கேட்டாள்: "ரெண்டு புரதமும் ஒரே இடத்துல நின்னா, வேற மாதிரி பிரிக்க முடியாதா சார்?"

நல்ல கேள்வி. எங்கள் ஜெல்லில் மின்புலம் சீராக இருக்க வேண்டும். ஜெல்லையும் கரைசலையும் இணைக்கும் திரித்தாளுக்கு அடியில் ஒரு காற்றுக்குமிழி சிக்கினாலே பட்டைகள் சாய்ந்துவிடும். அந்தச் சீரின்மையையே கருவியாக்கலாம். தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்கை இழுக்கிறதே, துணுக்கில் மின்னூட்டமா இருக்கிறது? இல்லை. சீப்பின் புலத்தில் அதன் ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் என்று பிரிகிறது. சீரான புலம் என்றால் இரண்டு பக்க இழுப்பும் சமமாகிவிடும். சீப்புக்கு அருகே புலம் வலுவாக இருப்பதால் அந்தப் பக்கம் ஜெயிக்கிறது. புலத்தின் திசையை மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்ந்தே மாறும், அதனால் மாறுமின்சாரத்திலும் இழுப்பு நிற்காது. சுற்றியுள்ள நீர்மம் துகளைவிட எளிதாக இப்படி நேர், எதிர் என்று பிரியுமென்றால், துகள் வலுக்குறைந்த பக்கம் தள்ளப்படும். இந்த நகர்வுக்கு டைஎலக்ட்ரோஃபோரசிஸ் என்று 1951-இல் பெயர் வைத்தவர் ஹெர்பர்ட் போல்.

செல்களைப் பிரிக்க இது அருமையான வழி. புரதத்தில்தான் சிக்கல். விசை, ஆரத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 10 மைக்ரான் செல்லுக்குப் பக்கத்தில் அல்புமின் சுமார் 7 நானோமீட்டர்தான். கணக்குப்படி விசை நூறு கோடி மடங்குக்கும் மேல் குறையும். நீர் மூலக்கூறுகளின் மோதலே அதை அலைக்கழித்துவிடும். மிக நுண்ணிய மின்முனைகளை வைத்துப் புரதங்களைப் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். எங்களைப் போன்ற லேபுக்கு அது வர நாளாகும். "ஒரு சொட்டு ரத்தம், ஒரு சிப்பிலேயே எல்லாம் தெரியும்" என்று யாராவது விற்க வந்தால் நான் முதலில் கேட்பது, எந்தப் புரதத்தை, எதை வைத்து அடையாளம் கண்டீர்கள் என்றுதான்.

ஏனென்றால் ஜெல்லில் தெரியும் கோடு ஓர் இடம்தான், பெயர் அல்ல. பெயர் தெரிய, எதிர்ப்பொருளை வைத்துப் புரதத்தை அடையாளம் காணும் இம்யூனோஃபிக்சேஷன் செய்ய வேண்டும். அதனால் உங்கள் ரிப்போர்ட்டில் எம் பட்டை என்றிருந்தால் எந்த டியூபில் எடுத்தார்கள் என்று கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ ஊசியோ போகிறதென்றால் அதையும் சொல்லுங்கள். பட்டை உண்மையாகவே இருந்தாலும் எல்லாம் மைலோமா இல்லை. பலருக்கு ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும், டாக்டர் கண்காணிப்பில் இருந்தால் போதும்.

மாலையில் ஜெல்லைச் சாயத்தில் நனைத்துக் கழுவினோம். பீட்டாவுக்கும் காமாவுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. மன்னிப்புக் கேட்க ஆச்சிக்கே போன் போட்டேன்.

"அந்தக் கோட்ட அழிக்கத்தான் இன்னொரு குத்துக் குத்துனியளாக்கும்?" என்றார்.