மெக்சிகோ குழந்தை, வேலூர் குழந்தை

போலியோ சொட்டு மருந்து மூன்று தவணை கொடுத்தால் போதும் என்றுதான் முதலில் எல்லோரும் நம்பினார்கள். 1970களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான் இங்குள்ள குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார். மூன்று தவணை விழுங்கியும் பலருக்குப் போதிய எதிர்ப்புச் சக்தி வரவில்லை. இதே மருந்து பணக்கார நாடுகளில் நன்றாகவே வேலை செய்தது.

பிற்பாடு ரோட்டா வைரஸிலும் இதே கதைதான். குழந்தைகளுக்குக் கடும் பேதியைத் தரும் வைரஸ் அது. இரண்டு முறை தொற்று வந்துபோன குழந்தைக்கு அடுத்து கடுமையான பேதி வரவில்லை என்றது மெக்சிகோவில் நடந்த ஓர் ஆய்வு. வேலூரில் ராமநாயக்கன்பாளையம், சின்ன அல்லாபுரம், கஸ்பா பகுதிகளில் 373 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வயதுவரை கவனித்தார்கள். மூன்று முறை தொற்று வந்த பிறகும் மிதமான அல்லது கடுமையான பேதியிலிருந்து பாதுகாப்பு 79 சதவீதம்தான் என்று 2011இல் தெரியவந்தது.

ஏன் இந்த வித்தியாசம்? சொட்டு மருந்தில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ். அது குடலில் பெருகினால்தான் உடல் அதை அடையாளம் கண்டு எதிர்க்கப் பழகும். நம் ஊர்த் தாய் அந்தக் கிருமியைப் பலமுறை சந்தித்தவள். அவளுடைய எதிர்ப்புப் பொருள்கள் தொப்புள்கொடி வழியாகவும் தாய்ப்பால் வழியாகவும் பிள்ளைக்குப் போய், மருந்து வைரஸைப் பெருகவிடாமல் அடக்கலாம். குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் வேறு கிருமிகளும் அதற்கு இடம் தராமல் போகலாம். அடிக்கடி வரும் தொற்றால் குடலின் உள்சுவரும் தேய்ந்திருக்கலாம். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. மருந்து கொடுக்கும் நேரத்தில் மட்டும் நிறுத்திப் பார்த்த ஆய்வுகளிலும் பலன் கிடைக்கவில்லை.

இந்தியாவில் உருவான ரோட்டாவேக் என்ற ரோட்டா சொட்டு மருந்தை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். கடுமையான ரோட்டா பேதியை அது ஏறக்குறைய 54 சதவீதம் தடுத்தது. கேட்க ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் நோய் மிகுந்த ஊரில் பாதியைத் தடுத்தாலே எத்தனையோ பிள்ளைகள் பிழைப்பார்கள். வெளிநாட்டுக் கணக்கை மட்டும் நம்பியிருந்தால் நம் நிலவரமே தெரியாமல் போயிருக்கும்.

சரி, வேலூரின் அந்த 373 குழந்தைகள் ஆய்வுக்குள் எப்படி வந்தார்கள்? பீடி சுற்றும் தாய்க்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒருமுறை வா என்றால் அன்றைய கூலி போச்சு, பஸ் காசு தனி, மூத்த பிள்ளையை யாரிடம் விடுவது? அப்படி நடத்தினால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பவர்களும் வசதியுள்ளவர்களும்தான் மிஞ்சுவார்கள், கிடைக்கும் விடையும் அவர்களுக்கானதாகவே இருக்கும். அதனால்தான் அந்தக் குழந்தைகளின் வீட்டுக்குக் களப்பணியாளர்கள் வாரம் இரண்டு முறை போனார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மல மாதிரி எடுத்துவந்தார்கள். அந்த நடை இல்லாமல் 79 என்ற எண் இல்லை.

மருந்துச் சோதனையில் இன்னும் கடினமான இடம் ஒன்று உண்டு: ஒப்புதல். 'சோதனை' என்ற சொல்லே பயமுறுத்தும். யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தில்லாத சொட்டு என்பதை மருத்துவர் தேர்ந்தெடுப்பதில்லை, சீட்டு குலுக்கிப் போடுவதுபோல என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாத தாய் கைநாட்டு வைக்கும் முன், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் உடனிருக்க வேண்டும் என்பது விதி. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் சிகிச்சை நிற்காது. சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை உண்டு என்கிறது 2019ஆம் ஆண்டு விதி. இவற்றை அவசரமாக வாசித்துக் கையெழுத்து வாங்குவது எனக்குச் சம்மதமே இல்லை. அந்தத் தாய் வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் பேசிவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றால், நாளைக்குத்தான் போக வேண்டும்.

பெரியவர்களுக்கான மருந்துச் சோதனைகளிலும், ஆட்களைத் தேடி ஆய்வு போகும் இதே பாதை வேண்டும். ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவரிடம் ஷிப்ட் முடிந்த பிறகு ரத்தம் எடுக்கலாம். ஜவ்வாது மலை ஊர்களுக்கு மருந்துப் பெட்டிதான் மேலே ஏற வேண்டும், காய்ச்சலோடு அவர்கள் கீழே இறங்கக் கூடாது.