கில்ட் தைக்கக் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

ஸ்காட்லாந்தில் ஒரு திருமணம் என்றால், கில்ட் எனும் முழங்கால் வரையிலான மடிப்பு வைத்த மரபு ஆடையை ஆண்கள் வாடகைக்கு எடுத்து உடுத்துவதே பெரும்பாலும் வழக்கம். இருந்தாலும் தம் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த கில்ட் ஒன்று சொந்தமாக வேண்டும் என்ற ஆசை பலருக்கு வருகிறது. இங்கே படிக்கவும் வேலைக்கும் வந்து குடியேறிவிட்ட நம்மவர்களுக்கும் வருகிறது. ஆசையில் தவறில்லை. ஆனால் யார் தைக்கிறார்கள், எப்படித் தைக்கிறார்கள் என்று விசாரிக்காமலே பல நூறு பவுண்ட் கொடுத்துவிட்டு, உடை கைக்கு வந்த பிறகு அதைத் திருத்தித் தரும்படி கிளாஸ்கோவில் நான் வேலை செய்யும் பட்டறைக்குக் கொண்டுவருபவர்கள் ஏராளம். அவற்றில் சில கில்ட்டுகளைப் பிரித்துப் பார்த்தபின், இனி இதில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க நேர்கிறது. அந்த நிலை இன்னொருவருக்கு வராமலிருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முழு அளவிலான கம்பளிக் கில்ட்டுக்கு வழக்கமாக 8 கெஜம், அதாவது ஏழு மீட்டருக்குச் சற்று அதிகமான டார்ட்டன் துணி, அதாவது பல நிறக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் கட்டங்களாக அமையும் துணி, செல்கிறது. முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இரண்டு தட்டையான பாகங்கள் போக, மீதித் துணி முழுவதும் பின்பக்கத்தில் மடிப்புகளாக அடங்குகிறது. உடுத்துபவரின் பருமனையும் டார்ட்டன் கட்டத்தின் அளவையும் பொறுத்து இந்த மடிப்புகள் இருபதுக்கு மேலும், சிலருக்கு முப்பதுக்கு மேலும் வரும். இடுப்பிலிருந்து பிட்டத்தின் மிக அகன்ற இடம் வரை, ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்கு, அந்த மடிப்புகள் தைத்து மூடப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தையல் இல்லை, துணி தன் எடையில் தொங்குகிறது. ஃபெல் என்று இங்குள்ளவர்கள் சொல்லும் அந்த ஒரு சாண் இடத்தில்தான் ஒரு கில்ட்டின் தரம் முழுவதும் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. துணியின் விலை, கடையின் பழமை, சுவரில் மாட்டியிருக்கும் புகைப்படங்கள் ஆகியவற்றுக்கெல்லாம் முன்பாகப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

அந்த இடத்தில் என்ன வேலை நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒருவருக்குப் பிட்டச் சுற்று 40 அங்குலம், இடுப்புச் சுற்று 34 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கப் பாதியில் மட்டும் ஏறத்தாழ 3 அங்குல வித்தியாசம் வருகிறது. மடிப்புகள் 27 என்றால், ஒவ்வொரு மடிப்பும் கீழிருந்து மேலே வரும்போது 3 மில்லிமீட்டருக்கும் குறைவாகக் குறுகிக்கொண்டே வர வேண்டும். ஒரு மடிப்பில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் 27 மடிப்புகளில் அது அரை அங்குலத்தைத் தாண்டிவிடும். இதோடு, குறுக்கே ஓடும் கோடுகள் மடிப்புக்கு மடிப்பு ஏற்ற இறக்கமின்றி ஒரே நேராக இணைய வேண்டும். நெடுக்கே ஓடும் கோடுகளும் திட்டமிட்ட வரிசையில் அமைய வேண்டும். மடித்த நிலையிலும் டார்ட்டனின் கட்டம் குலையாமல் தெரியும்படி மடிப்பது ஒரு முறை. ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் ஒரே கோடு வரும்படி மடிப்பது இன்னொரு முறை, இராணுவப் படைப்பிரிவுகளில் பெரிதும் காணப்படுவது. இரண்டில் எது வேண்டும் என்று உங்களிடம் கேட்காமலே ஆர்டரை எழுதிக்கொள்பவரிடம் நான் துணியைக் கொடுக்கமாட்டேன்.

கடைக்குச் சென்றால் அவர்கள் தைத்த கில்ட் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். கையில் வாங்கியதும் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். லைனிங்குக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். இடுப்புப் பகுதியில் மடிப்புகளின் உட்பக்கத்து உபரித் துணியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தைத் தாங்கும்படி கேன்வாஸ் என்னும் விறைப்பான துணியை வைத்துத் தைப்பதே தேர்ந்தவர்களின் முறை. கில்ட்டை இடுப்பில் இறுக்கிப் பிடிக்கும் பக்கிள்களும் தோல்வார்களும் இழுக்கும் இழுப்பை அந்தக் கேன்வாஸ்தான் வாங்கிக்கொள்கிறது. அண்மையில் என் மேசைக்கு வந்த ஒரு கில்ட்டில் வெளித்துணி நல்ல கனமான கம்பளிதான். லைனிங்கைப் பிரித்தபோது உள்ளே கேன்வாஸே இல்லை. தோல்வார் மெல்லிய பருத்தி லைனிங்கோடு சேர்த்து மிஷினில் இரண்டு வரி தைக்கப்பட்டிருந்தது. சில தடவை உடுத்தியதிலேயே அந்த இடத்தில் துணி சுருங்கி, மேற்பகுதியில் மூன்று மடிப்புகள் வாய் திறந்துவிட்டன. கேன்வாஸ் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். ஆனால் தையல் ஊசி அறுத்த இழைகளை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

உள்பக்கம் பார்த்தபின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். கில்ட்டின் கீழ் ஓரம் தறியிலிருந்து வந்த கரையாகவே இருப்பது மரபு. மடித்து ஹெம்மிங் செய்தால் இத்தனை மடிப்புகளிலும் துணி இரட்டிப்பாகித் தடித்துப்போகும். வளரும் பிள்ளைகளுக்காக நீளம் விட்டுத் தைப்பது போன்ற விதிவிலக்குகள் உண்டு. காரணத்தைக் கேட்டால் நல்ல தையற்கலைஞர் சொல்வார்.

அளவெடுக்கும் விதம் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். கில்ட் இருக்க வேண்டிய இடம் ஜீன்ஸ் நிற்கும் இடமல்ல; தொப்புளை ஒட்டியோ அதற்குச் சற்று மேலேயோ இருக்கும் இயல்பான இடுப்பில்தான் அது நிற்க வேண்டும். ஆகவே உங்கள் பேன்ட் சைஸ் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்பவர் கில்ட் தைப்பவரல்ல. இடுப்புச் சுற்று, பிட்டச் சுற்று, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரம், முழங்கால் வரையிலான நீளம் ஆகிய நான்கையும் உடம்பில் நாடா வைத்து எடுக்க வேண்டும். மூன்றாவது அளவைத்தான் பலர் எடுப்பதில்லை. உயரம் ஒன்றாக இருக்கும் இருவருக்குக்கூட அந்தத் தூரம் ஒன்றாக இருப்பதில்லை. ஊகித்துத் தைத்தால் மடிப்புத் தையல் பிட்டத்துக்கு மேலேயே முடிந்துவிடும், அல்லது அதைத் தாண்டிக் கீழே இறங்கி நடக்கும்போது பிடிக்கும். பிட்டச் சுற்றை இறுக்கமாக எடுத்துவிட்டால், நேராக நிற்கும்போதே மடிப்புகள் விசிறி போல விரிந்து நிற்கும்.

தொப்பை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. இடுப்புச் சுற்று பிட்டச் சுற்றுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் மேலே குறுகி வரும் கணக்கே மாறிவிடுகிறது. கில்ட் நிற்க இடமின்றி வழுக்கிக்கொண்டே இருக்கும். அனுபவமுள்ளவர் உங்களை நிற்கவைத்து, பக்கவாட்டில் பார்த்து, முன்பாகத்தின் வளைவை அதற்கேற்ப மாற்றி வெட்டுவார். இதைப் பற்றி நாமே வெட்கப்படாமல் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு கொடுக்கும் அளவால் யாருக்கும் பயனில்லை.

அடுத்து, யார் தைக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள். ஆர்டர் எடுக்கும் கடை ஒன்றாகவும், வீட்டிலிருந்து தைப்பவர் இன்னொருவராகவும் இருப்பது இந்தத் தொழிலில் நீண்டகால நடைமுறை. அதில் குறையொன்றுமில்லை, மிகத் திறமையான கைகள் பல அப்படி வீடுகளில்தான் இருக்கின்றன. தைப்பவர் எங்கே இருக்கிறார், கையால் தைக்கிறாரா, மிஷினிலா, திருத்தம் தேவைப்பட்டால் அவரிடமே போகுமா என்பதற்கு நேரான பதில் வர வேண்டும். கையால் ஒரு கில்ட்டைத் தைத்து முடிக்க ஒருவருக்குப் பல நாள் உழைப்பு வேண்டும். தைக்கத் தெரிந்தவர்களும் குறைவு: பிரிட்டனில் அருகிவரும் கைத்தொழில்களைப் பட்டியலிடும் ஹெரிடேஜ் கிராஃப்ட்ஸ் அமைப்பு 2021இல் கில்ட் தையலையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. அதனால் காத்திருப்பு பல வாரங்கள் நீளும். கோடைகாலத் திருமணங்களுக்கு முன் இன்னும் நீளும். மரபு முறையில் கையால் தைத்த 8 கெஜக் கில்ட் அடுத்த வாரமே கிடைக்கும் என்று ஒருவர் சொன்னால், காரணம் கேளுங்கள்.

துணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கெஜத்துக்கு 13 அவுன்ஸ் நடுத்தர எடை, 16 அவுன்ஸ் கனமான எடை. மடிப்பு நன்றாக விழுவது 16 அவுன்ஸில். 10, 11 அவுன்ஸ் துணி இலேசாக இருக்கும், ஆனால் மடிப்பு சீக்கிரம் கலையும். சுற்றுலாத் தெருக்களில் 50, 60 பவுண்டுக்குத் தொங்கும் கில்ட்டுகள் பெரும்பாலும் அக்ரிலிக்கோ பாலியஸ்டர் கலப்போதான். ஒருநாள் கூத்துக்கு அது போதும் என்பவர் வாங்கலாம், அளவெடுத்துத் தைத்ததாக நினைத்து வாங்கக் கூடாது. நார்க் கலவையை லேபிளில் குறிப்பிடுவது இங்கே சட்டப்படி கட்டாயம் என்பதால் படித்துப் பார்த்துவிடலாம். எந்த டார்ட்டன் என்பதை 2009 முதல் இயங்கிவரும் ஸ்காட்லாந்து டார்ட்டன் பதிவேட்டில் இலவசமாகத் தேடலாம். ஆனால் பதிவில் இருப்பதெல்லாம் நெய்து கையிருப்பில் இருப்பதில்லை. செல்கிர்க் போன்ற ஊர்களில் உள்ள ஆலைகளில் தனியாக நெய்யச் சொல்ல வேண்டியிருந்தால், அதற்கான காலத்தையும் பணத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனில் இணையத்தில் வாங்கும் பொருளை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பித் தரும் உரிமை, நம் அளவுக்கென்றே தைத்த உடைக்குப் பொருந்தாது. அதேசமயம், ஒப்புக்கொண்டபடி இல்லாமலோ குறைபாட்டோடோ வந்தால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. எனவே துணியின் எடை, எத்தனை கெஜம், எந்த மடிப்பு முறை, கைத்தையலா மிஷின் தையலா, எடுத்த நான்கு அளவுகள், முடித்துத் தரும் தேதி ஆகிய அனைத்தையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுப்பவரிடம் பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஊரிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ அளவை அனுப்பித் தைக்க நேர்ந்தால், தாமே நாடா பிடிக்காமல், அருகிலுள்ள தையல்காரரிடம் தைப்பவர் அனுப்பும் குறிப்பைக் காட்டி எடுக்கச் சொல்லுங்கள். இருமுறை எடுத்து ஒப்பிடுங்கள். உடை வந்ததும், மடிப்புகள் கலையாமலிருக்க கீழே ஓட்டியிருக்கும் நூலை உடனே பிரித்துவிடாதீர்கள். முதலில் உடுத்தி நின்று, முன்பாகத்தின் கீழ் ஓரம் தரைக்குச் சமமாக இருக்கிறதா என்றும், பின்பக்கக் கோடுகள் நேராக இறங்குகின்றனவா என்றும் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். குறை தெரிந்தால் நூலோடு அப்படியே திருப்பி அனுப்பினால்தான் தைத்தவருக்குத் திருத்துவது எளிது. சரியாக இருந்தால் நூலைப் பிரித்துவிட்டு, உட்கார்ந்தும் நடந்தும் பாருங்கள். பின்னாளில் உடம்பு ஓரிரு அங்குலம் கூடினாலோ குறைந்தாலோ பக்கிள்களை நகர்த்தித் தைத்தாலே போதும். உள்ளே கேன்வாஸ் இருக்கும் கில்ட்டில் அது எங்களுக்குச் சிறிய வேலைதான்.