சக்தி ஏறினா நல்லதுதானே, டாக்டரம்மா?

போன வாரம் குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். பீடி சுற்றுபவர். மூன்று வருஷமாக லூபஸுக்கு, அதாவது எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்க்கு, என்னிடம் மருந்து சாப்பிடுகிறார். செருப்பைக் கழற்றிய பிறகும் வார் பதிந்த இடம் காலில் பள்ளமாகவே நின்றது. "சிறுநீர் நுரைக்குதாம்மா?" என்றேன். "ஆமா, சோப்புத் தண்ணி மாதிரி." கால் வீக்கமும் நுரையும் கிட்னி கெடுவதன் அடையாளம். அப்புறம் மஞ்சப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். இம்யூனிட்டி பவுடர். மேலே ஒரு கேடயம் படம். ஆம்பூர் நாத்தனார் ஏதோ செயின் வியாபாரத்தில் சேர்ந்து விற்கிறாராம். இரண்டு மாதமாகத் தினம் இரண்டு ஸ்பூன். என் மாத்திரைகளுக்கு லீவு.

"சக்தி ஏறினா நல்லதுதானே, டாக்டரம்மா?"

இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

எதிர்ப்பு சக்தியைத் தண்ணீர்த் தொட்டி மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். குறைந்தால் நோய், நிரப்பினால் சுகம். காவலுக்கு நாய் வளர்ப்பதை நினைத்துப் பாருங்கள். திருடனைக் கடிக்கவேண்டும், பால்காரரை விடவேண்டும். லூபஸில் அந்த நாய் வீட்டுக்காரரையே கடிக்கிறது. இந்த அம்மாவின் கிட்னியைக் கெடுப்பது கிருமி இல்லை, அவருடைய சொந்த எதிர்ப்பு சக்திதான். அதற்குப் போய்க் கறிச்சோறு போட்டு வளர்த்திருக்கிறார்! முடக்குவாதம், சொரியாசிஸ், தைராய்டு அழற்சியில் பெரும்பகுதி எல்லாம் இதே கதைதான். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஸ்பைருலினா, குதிரைமசால் என்று இருந்தது. லூபஸ்காரர்கள் தொடக்கூடாது என்று நாங்கள் சொல்கிற இரண்டுமே அதில் இருந்தன. "மூலிகைதானே" என்பவர்களுக்கு: கோவிட் காலத்தில் சீந்தில் குடித்துக் கல்லீரல் கெட்டு வந்த ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021ல் எழுதினார்கள்.

சக்தியைக் கூட்டும் மருந்தே இல்லையா என்றால், இருக்கிறது. புற்றுநோயை எதிர்க்க உடம்பின் பிரேக்கைத் தளர்த்தும் ஊசிகள் இருக்கின்றன. அதற்கு அடிப்படை போட்ட ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹோன்ஜோவுக்கும் 2018ல் நோபல் கிடைத்தது. நல்ல மருந்துகள். ஆனால் பிரேக் தளர்ந்தால் தைராய்டு, குடல், கல்லீரல், மூட்டு என்று சொந்த உறுப்புகளும் அடிவாங்கும். மூட்டு வீங்கியவர்களைப் புற்றுநோய் மருத்துவர்கள் என்னிடம்தான் அனுப்புகிறார்கள். அடக்க நான் கொடுப்பது, எல்லோரும் திட்டுகிற அதே ஸ்டீராய்டு.

இதைச் செய்கிறவர்கள் எவ்வளவு பயந்து செய்கிறார்கள் தெரியுமா? 2006 மார்ச்சில் லண்டனில் எதிர்ப்பு சக்தி செல்களைத் தூண்டும் டிஜிஎன்1412 என்ற புது மருந்தை ஆரோக்கியமான ஆறு பேருக்கு ஏற்றினார்கள். எங்கள் முடக்குவாத நோயாளிகளுக்கும் உதவும் என்று நம்பிய மருந்து. விலங்குகளுக்கு ஒன்றும் செய்யாத அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் நடுக்கமும் வாந்தியும் தொடங்கி, ஆறு பேரும் ஐசியூவுக்குப் போனார்கள். உயிர் பிழைத்தார்கள், ஒருவருக்கு விரல்கள் போயின. அதன்பிறகு புது மருந்தை முதலில் ஒருவருக்கு மட்டும் கொடுத்துக் காத்திருந்து பார்க்கிறார்கள். கேடயம் படம் போட்ட டப்பாவை யார் யாருக்குக் கொடுத்துக் காத்திருந்தார்கள்?

பத்திரமாகச் சக்தி கூட்டும் வழி ஒன்று ரொம்ப நாளாகவே இருக்கிறது, தடுப்பூசி. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டாவைரஸுக்கான தடுப்பு மருந்து ரோட்டாவாக்கை 6,799 குழந்தைகளிடம் சோதித்தபோது, டெல்லி, புனே குழந்தைகளோடு நம்ம வேலூர்க் குழந்தைகளும் இருந்தார்கள். அதைப் போடச் சொன்னால் பயப்படுகிறவர்கள் பவுடரை மட்டும் கேள்வி கேட்காமல் விழுங்குகிறார்கள்.

லூபஸ், முடக்குவாதம் உள்ளவர்களும், கிட்னி மாற்றிக்கொண்டவர்களும் கொஞ்சம் கேளுங்கள். இம்யூனிட்டி என்று எழுதிய எதையும் கேட்காமல் சாப்பிடாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தாதீர்கள், உயிருக்கே ஆபத்து. ஃப்ளூ, நிமோனியா ஊசிகளைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி மட்டும் அவர் சொல்லாமல் வேண்டாம். கால் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே வாருங்கள்.

அந்த அம்மாவுக்கு நாளை பயாப்ஸி, கிட்னியில் சின்னத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது. டப்பாவை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால் ஒளித்துவைக்காமல் கொண்டு வாருங்கள். திட்டமாட்டேன். கொஞ்சம் திட்டுவேன்.